ஊராத்துறைக் கட்டளையும் இணையத் தேடலும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த கட்டளை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை வாசித்து 1963 இல் வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு வணிகச் சரக்கென்றால் செம்பாதி. ஊராத்துறை வேறெதுவுமல்ல, எங்கள் ஊர்காவற்றுறைதான்.

பழைய முறையில் இது கொப்பியில் இரண்டு வரி: யார் பொறித்தார், எந்த நூற்றாண்டு? இன்று அந்தக் கேள்விக்குக் கைத்தொலைபேசி ஒரு நொடியில் விடை சொல்லிவிடும். ஆகவே கேள்வியைத்தான் மாற்றவேண்டும்.

அப்படி மாற்றிக் கேட்கும் முறையொன்றை 1995 இல் அமெரிக்காவின் சான் டியேகோ அரச பல்கலைக்கழகத்தில் பேர்னி டொட்ஜ் என்பவர் ரொம் மார்ச்சுடன் சேர்ந்து உருவாக்கினார். 'வெப்குவெஸ்ட்' என்று பெயர். பார்க்கவேண்டிய பக்கங்களை ஆசிரியரே முன்கூட்டித் தெரிந்து கொடுப்பார். பிள்ளைகள் குழுவாக வாசித்து, வாசித்ததைக் கொண்டு புதிதாக ஒன்றைச் செய்யவேண்டும். பார்த்தெழுதினால் வேலை முடியாது.

அதே 1995 இன் ஒக்டோபர் 30 ஆம் திகதி எங்களிற் பலருக்கு மறக்காது. 1990 இல் தீவகத்தை விட்டு வந்து யாழ்ப்பாணத்தில் ஒதுங்கியிருந்தவர்கள் அன்று மறுபடியும் மூட்டை கட்டினார்கள். மின்சாரமே இல்லாத ஊரில் இணையத்தை யார் கண்டார்?

2007 இல் புதிய பாடத்திட்டத்தோடு 'ஐந்து ஈ' முறை இலங்கைப் பாடசாலைகளுக்கு வந்தது. ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று ஆசிரியர் வழிகாட்டியில் இருந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பெரும்பாலும் நடந்ததோ, குறிப்புகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதுதான். அதை இணையவழிக் கற்றல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரும்பலகை சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, கல்வெட்டுக்கு வருவோம். தரம் 10 பிள்ளைகளுக்கு இப்படிக் கொடுக்கலாம்: "குதிரை ஏற்றிய மரக்கலம் ஒன்று நெடுந்தீவுக் கரையில் உடைந்துவிட்டது. நீங்கள் ஊராத்துறை அதிகாரி. கலத்துக்கு உடையவன் முழுவதையும் திருப்பிக் கேட்கிறான். அவனுக்கு மறுமொழி எழுதுங்கள்." நால்வர் கொண்ட குழு. ஒருவருக்குக் கல்வெட்டின் வாசகம், ஒருவருக்குக் கடல்வழிப் படம், ஒருவருக்குக் குதிரை வணிகம், ஒருவருக்குச் சூளவம்சச் செய்தி. இரண்டு பாடவேளை போதும். கணினி போதாவிட்டால் பக்கங்களை அச்செடுத்துக் கொடுக்கலாம், குறைவில்லை. காரணத்துக்குச் சான்று காட்டியவருக்கே புள்ளி. கையெழுத்து அழகுக்கு அல்ல.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்: "இலங்கையில்தான் யானை நிறைய இருக்கிறதே, பிறகேன் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள்?" உடனே விடை சொல்லிவிடக்கூடாது. பர்மிய அரசன் யானை விற்பனையைத் தடுத்ததும் பராக்கிரமபாகு அங்கே படை அனுப்பியதற்கு ஒரு காரணம் என்று சூளவம்சம் கூறுகிறது. அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் பிள்ளை தானே அதைக் கண்டுபிடித்து மற்ற மூவருக்கும் சொல்லட்டும். அதன் பிறகு, யானைக் கலத்துக்கு அரசன் ஏன் குறைந்த பங்கு எடுத்தான் என்பதை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

தடை ஒன்றுதான்: தமிழில் கொடுக்கப் பக்கங்கள் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தவை எரிந்தன. 1990 இல் வீடுகளில் விட்டு வந்தவை பெரும்பாலும் திரும்பக் கிடைக்கவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பாடசாலை மலர்களும் ஆயிரக்கணக்கில் ஏறிவிட்டன. ஆனாலும் தீவகத்துக் கப்பற்காரர் கணக்கு, பழைய பாடசாலைச் சஞ்சிகை, கோயில் மலர் என்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உங்கள் அலுமாரிகளில் இருப்பவை இன்னும் உண்டு. அவற்றைக் கழற்றாமல், முன் அட்டையும் ஆண்டும் தெரியப் படமெடுத்து அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களைத் தெரிந்தவரை பின்னால் எழுதிவிடுங்கள். அடுத்த தவணைக்கு வேண்டியது துறைமுகம் பற்றியது. 1990 க்கு முந்தியது எதுவானாலும் முதலில் அதை அனுப்புங்கள்.