கல்முனையும் கிரகித்தலும்

இலங்கைப் பள்ளிகளின் தமிழ்ப் பாடத்தில் ‘கிரகித்தல்’ என்றொரு பயிற்சி உண்டு. ஒரு பத்தியைப் படித்து, கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதிவிடும் மாணவர்கள் பலர். புள்ளி கிடைத்துவிடுகிறது, கிரகித்தல்தான் நிகழ்வதில்லை.

நாளிதழில் நெடுங்காலம் வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படித்தவன் நான். உரத்த கருத்துகளுக்கு அங்கே பஞ்சமில்லை. எதிர்த்தரப்பு சொன்னதை முதலில் சரியாக எடுத்துரைத்துப் பின்னர் மறுத்த கடிதங்களே அரிது. இக்குறையை எண்ணும்போது கல்முனையின் வரலாறு என் நினைவுக்கு வரும்.

1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றுபோனது. நெல் விளைச்சலைப் பெருக்கும் பொறுப்போடு கல்முனைக்கு அனுப்பப்பட்டார் ஏ. எம். ஏ. அசீஸ். இலங்கை சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் மாணவர். அயலூரான காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் அவருக்கு நண்பரானார். வயலுக்காக வந்த அதிகாரி, அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தம் சமூகம் எம்மொழியில் கற்பது என்ற விவாதம் பின்னாளில் சூடுபிடித்தபோது, அசீஸ் தமிழின் பக்கம் நின்றார். 1963இல் ‘இலங்கையில் இஸ்லாம்’ என்னும் நூலைத் தமிழிலேயே எழுதினார்.

அம்மண்ணில் 1944இல் பிறந்தவர் எம். ஏ. நுஃமான். 1999இல் வெளிவந்த அவருடைய ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ இன்றைய எழுத்துத் தமிழின் இயல்பை விளக்குகிறது. அதை வெளியிட்ட கல்முனை அமைப்பின் பெயர் ‘வாசகர் சங்கம்’. வாசிப்பவனுக்கே முதலிடம் தந்த பெயர் அது.

வாதிடும் முறை நமக்குப் புதிதன்று. பவணந்தியார் நன்னூலில் எழுவகை மதங்களைக் கூறுகிறார். பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது என்பவற்றோடு, அக்கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர் களைவதும் அவற்றுள் ஒன்று. ஏற்றுக் களைவதற்கு முதலில் அதைக் கிரகித்தாக வேண்டும். நம் வகுப்பறைகள் நன்னூலை மனனம் செய்வித்தன. இதனைப் பயிற்றுவிக்கத் தவறின.

இது வெறும் பரீட்சைக் கவலையன்று. ஒரே மொழி பேசும் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் அக்கரையோரம், 1985க்குப் பின் குருதியைக் கண்டது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் கோரிக்கை 2019இல் உண்ணாவிரதம்வரை சென்றது.

அதனையே வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாமே! கோரிக்கையின் நியாயத்தை முஸ்லிம் மாணவன் எழுதட்டும். அதற்கான எதிர்ப்பின் நியாயத்தைத் தமிழ் மாணவன் எழுதட்டும். பின்னர் தாள்களை மாற்றிக்கொள்ளட்டும். “ஆம், எங்கள் தரப்பு இதுதான்” என்று மற்றவன் ஒப்புக்கொண்டால் மட்டுமே ஆசிரியர் புள்ளியிடட்டும். மறுப்புரை எழுதுவது அதற்கு அடுத்த பாடம்.