யோபுவின் வரலாற்றில் நம் இடம்



1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் தோற்ற டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடமே பணியில் சேர்ந்தார். அரண்மனைப் பணியாளர் நீலகண்டன் அவருக்கு நண்பரானார். அடுத்தடுத்து வந்த இழப்புகளால் கலங்கியிருந்த நண்பருக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றைச் சொன்னார்.

என்றோ வாழ்ந்த யோபுவின் துயரத்தில் நீலகண்டன் தம் துயரத்தைக் கண்டார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார். லாசர் என்ற விவிலியப் பெயரின் தமிழாக்கம் அது: கடவுளே துணை.

யோபு இழந்ததைத் திரும்பப் பெற்றார். தேவசகாயத்துக்கோ சிறையும் சித்திரவதையும், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டும்தான் கிடைத்தன. ஆனாலும் வரலாறு அங்கே முடியவில்லை. கோட்டாறு ஆலயத்திலுள்ள அவரது கல்லறையை மக்கள் தேடி வந்தார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

துன்பத்தில் 'எனக்கு ஏன்?' என்கிறோம். யோபுவும் அப்படித்தான் கேட்டார். அவருக்குக் காரணம் சொல்லப்படவில்லை. கடவுளே வந்து பேசினார்.

நம்மில் எல்லாரும் மறைசாட்சிகள் ஆவதில்லை. ஆனால், துயருற்றவர் அருகில் அமர்ந்து இறைவார்த்தையைப் பகிர்ந்த டிலனாயின் இடம் நம் எல்லாருக்கும் உண்டு. இந்த வாரம் யார் வீட்டுத் திண்ணையில் அமரப் போகிறோம்?