அனைத்துலக நற்கருணை மாநாடு: பேராளராகச் செல்வது எதற்காக?

அந்தியோக்கியாத் திருச்சபையில் பெரியதொரு சிக்கல் எழுந்தபோது, அங்கிருந்தவர்கள் பவுலையும் பர்னபாவையும் வேறு சிலரையும் எருசலேமுக்கு அனுப்பி வைத்தார்கள். அவர்கள் சென்றார்கள், தங்கள் அனுபவத்தை எடுத்துரைத்தார்கள், மற்றவர்கள் பேசியதைக் கேட்டார்கள். பின்பு திரும்பி வந்து, மக்களைக் கூட்டி, கொண்டு வந்த கடிதத்தை ஒப்படைத்தார்கள் (திப 15). திருச்சபையின் எந்தப் பெரிய கூட்டத்திற்கும் செல்லும் பேராளருக்கு இதுவே முன்மாதிரி. அவர் தாமாகப் போகிறவர் அல்லர், அனுப்பப்படுகிறவர். அனுப்பியவர்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்.

அனைத்துலக நற்கருணை மாநாடு அத்தகைய கூட்டங்களுள் ஒன்று. 54ஆவது மாநாடு 2028ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடைபெறும் என அறிவிக்கப்பட்டுள்ளது. அதே நகரில் 1928இல் நடந்த மாநாட்டின் நூற்றாண்டும் அதுவே.

தோற்றமும் வளர்ச்சியும்

இந்த மாநாடுகளுக்கு வித்திட்டவர் எமிலி தமிசியே என்ற பிரான்சு நாட்டுப் பொதுநிலைப் பெண். நற்கருணைப் பக்தியைப் பரப்பிய புனித பீட்டர் ஜூலியன் எய்மார்டின் வழிகாட்டுதலில் வளர்ந்தவர் அவர். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் ஆசியோடு முதல் மாநாடு 1881இல் பிரான்சின் லீல் நகரில் கூடியது. தொடக்கத்தில் ஆராதனையும் பவனியுமே முதன்மை பெற்றன.

1960இல் மியூனிக் மாநாட்டில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. பழங்கால உரோமையில், குறித்த நாள்களில் ஆயரும் நகர மக்களும் ஒரே ஆலயத்தில் கூடித் திருப்பலி நிறைவேற்றுவது வழக்கம். இயேசு சபைக் குரு யோசேப் யுங்மன் அந்த வழக்கத்தை நினைவுகூர்ந்து, இம்மாநாட்டையும் உலகம் முழுவதற்குமான அத்தகைய கூடுகையாகக் காணலாம் என்றார். அன்றுமுதல் மாநாட்டின் மையம் திருப்பலியே. நிறைவுத் திருப்பலி 'ஸ்தாத்சியோ ஓர்பிஸ்', அதாவது உலகக் கூடுகை என்று அழைக்கப்படுகிறது.

நம் நாட்டில் 38ஆவது மாநாடு 1964இல் பம்பாயில் நடந்தது. அதற்காக வந்த திருத்தந்தை ஆறாம் பவுல்தான் இந்திய மண்ணில் கால்பதித்த முதல் திருத்தந்தை. படைக்கலன்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கு ஒதுக்குங்கள் என்று அவர் உலகத் தலைவர்களுக்கு வேண்டுகோள் விடுத்தது அங்கேதான். 1967இல் வெளியிட்ட 'மக்களின் முன்னேற்றம்' என்ற சுற்றுமடலிலும் அதை மீண்டும் வலியுறுத்தினார்.

ஒரு வாரம் எப்படிச் செல்கிறது?

பொதுவாக மாநாடு ஏறத்தாழ ஒரு வாரம் நடக்கும். அதற்கு முன்பாக இறையியல் கருத்தரங்கு ஒன்றும் இடம்பெறுவதுண்டு. காலைப் புகழ்மாலை, மறைக்கல்வி, சான்று பகர்தல், திருப்பலி, குழு அமர்வுகள், நற்கருணை ஆராதனை என்று நாள்கள் நிறைந்திருக்கும். ஒருநாள் மாலையில் நகர வீதிகளில் நற்கருணைப் பவனி நடைபெறும். இறுதி நாளில் திருத்தந்தையோ அவருடைய சிறப்புத் தூதரோ நிறைவுத் திருப்பலிக்குத் தலைமையேற்பார். 2016இல் பிலிப்பீன்சின் செபு நகருக்குத் தூதராக வந்தவர் மியான்மார் நாட்டுக் கர்தினால் சார்லஸ் போ. 2021இல் புதாபெஸ்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தாமே நிறைவேற்றினார்.

செல்ல விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில. நாட்டுப் பேராளர் குழுக்கள் ஆயர் பேரவை வழியாக அமைகின்றன. ஆகவே பங்குத்தந்தையையும் மறைமாவட்ட அலுவலகத்தையும் முதலில் அணுகுங்கள். கடவுச்சீட்டு, விசா வேலைகளைக் கடைசி நேரத்துக்கு விட்டுவைக்க வேண்டாம். குருக்கள் தங்கள் ஆயரின் சான்றுக் கடிதத்தை உடன் கொண்டு செல்ல வேண்டும். இடத்தின் தன்மையையும் அறிந்துகொள்ளுங்கள். 2024இல் மாநாடு நடந்த கீட்டோ நகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே இறங்கியவுடன் ஓடியாட முடியாது.

கேட்க வேண்டிய குரல்கள்

மேடை உரைகளோடு பேராளரின் பணி முடிவதில்லை. 1976இல் பிலதெல்பியா மாநாட்டின் கருப்பொருள், நற்கருணையும் மனிதக் குடும்பத்தின் பசிகளும். அங்கே அன்னை தெரேசாவும் பேசினார், டோரதி டேயும் பேசினார். ஆகஸ்டு 6, ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்த நாள். அதே நாளில் படைவீரர்களுக்கான திருப்பலி ஏற்பாடாகியிருந்ததை டோரதி டே மேடையிலேயே சுட்டிக்காட்டினார். பலிபீடத்தை நெருங்குமுன் மனம் வருந்த வேண்டும் என்பதே அவரது கருத்து. பெரிய கூட்டத்தின் மகிழ்ச்சியில் இத்தகைய குரல்கள் எளிதில் அமுங்கிப் போகும். அவற்றைக் காதில் வாங்குகிறவரே நல்ல பேராளர்.

திரும்பி வந்தபின்

இப்பயணத்திற்கு நிறையச் செலவாகும். பங்கு மக்கள் தரும் காணிக்கையில் ஒருவர் செல்கிறார் என்றால், அதில் கூலி வேலை செய்பவரின் பத்து ரூபாயும் இருக்கும். அந்தப் பத்து ரூபாய்க்கு என்ன பதில்? ஒளிப்படங்களும் செபமாலைகளும் மட்டும் போதுமா?

கொரிந்து நகர மக்கள் ஆண்டவரின் விருந்துக்காகக் கூடினார்கள். ஆனால் அங்கே ஒருவர் பசியாயிருந்தார், ஒருவர் குடிவெறியில் இருந்தார். இது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கண்டித்தார் (1 கொரி 11). பல மொழியினரும் பல நிறத்தவரும் ஒரே அப்பத்தில் பங்குபெறுவதை மாநாட்டுத் திடலில் கண்டு கண்ணீர் விடுவது எளிது. ஊர் திரும்பி, சாதியின் பேரால் கல்லறையிலும் தேர்ப்பவனியிலும் பிரிந்து நிற்கும் நம் மக்களிடையே அதே அப்பத்தைப் பிட்கும்போது என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

ஆகவே, சென்று வந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பங்கு மக்கள் முன் நின்று பேசட்டும். அன்பியக் கூட்டங்களில் தாம் கேட்ட சான்றுகளைப் பகிரட்டும். நோயுற்றோர் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்வோருடன் தாமும் செல்லட்டும். பங்கில் யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் அருகில் அமரட்டும். அந்தியோக்கியா மக்கள் கடிதத்தைக் கேட்டு மகிழ்ச்சியும் ஊக்கமும் அடைந்தார்கள். நம்மை அனுப்பியவர்களும் அவ்வாறே ஊக்கம் பெற வேண்டுமல்லவா?