கருடனின் தொண்டை



கருடன் என்றதும் பெருமாளின் வாகனம் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அந்தப் பறவையின் தொண்டையைப் பற்றி.

'விழுங்கு' என்னும் பொருள் தரும் சமஸ்கிருத வினையடியிலிருந்து 'கருட' என்ற பெயர் வந்திருக்கலாம் என்பது மொழியறிஞர் சிலர் கருத்து. பெரும் பாரத்தைச் சுமந்து பறந்ததால் வந்த பெயர் என்கிறது பாரத மரபு. இன்னொரு பெயர் சுபர்ணன், நல்ல சிறகுடையவன். அது பாலியில் சுபண்ண ஆயிற்று. சிலப்பதிகாரத்தில் வரும் 'உவணம்' அதன் திரிபு.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் கருடன் கதை ஒரு விடுதலைக் கதை. தாய் வினதை பந்தயத்தில் தோற்று, உடன்பிறந்த கத்ருவுக்கு அடிமையாகிறாள். அவளை மீட்க என்ன விலை என்று மகன் கேட்கிறான். அமுதம் வேண்டும் என்கின்றன கத்ருவின் பிள்ளைகளான நாகங்கள். அடிமைத்தளையை அறுக்கப் புறப்படும் மகன். நமக்கு நெருக்கமான கதைதான்.

வழியில் பசித்தால்? கடலின் ஒதுக்குப்புறத்தில் ஆயிரக்கணக்கில் நிஷாதர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தின்றுவிட்டுப் போ, பிராமணனை மட்டும் தொடாதே என்கிறாள் தாய். நிஷாதர் என்போர் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள், ஏகலைவனின் மக்கள். கருடன் புழுதியைக் கிளப்பி வாயைத் திறந்து வைக்கிறான். கண் தெரியாமல் கூட்டம் கூட்டமாக உள்ளே ஓடுகிறார்கள். திடீரென்று தொண்டை நெருப்பாய்ச் சுடுகிறது. உள்ளே ஒரு பிராமணன்! வெளியே வந்துவிடு என்று கருடனே வழிவிடுகிறான். அவன் மனைவி நிஷாதப் பெண். கணவன் கேட்டுக்கொண்டதால் அவளும் தப்பினாள். மற்றவர்கள் யாரும் அந்தத் தொண்டையைச் சுடவில்லை. பிறகு தந்தை காசியபரிடம் போய், ஆயிரக்கணக்கில் தின்றும் பசி ஆறவில்லை என்று முறையிடுகிறான்.

7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷர் எழுதிய 'நாகானந்தம்' புத்தரைப் போற்றித் தொடங்கும் நாடகம். (முடிவில் கௌரியும் வருகிறாள், கலப்பு மரபுதான்.) அதில் கருடனுக்கு நாளொரு நாகம் இரை. சங்கசூடனின் முறை வருகிறது, அவன் தாய் கதறுகிறாள். அவனுக்குப் பதிலாக ஜீமூதவாகனன் பலிப்பாறையில் ஏறுகிறான். உடல் கிழிபடும்போதும் அவன் கலங்காததைக் கண்டு கருடன் நிறுத்துகிறான், யார் நீ என்று கேட்கிறான். உண்மை தெரிந்ததும் இனிக் கொல்வதில்லை என்று உறுதி ஏற்கிறான். அமுதத்தைக் கொண்டுவந்து, தான் தின்று போட்ட நாகங்களின் எலும்புகள்மேல் பொழிகிறான். அவை எழுகின்றன. ஆதிபருவத்தில் தாயை மீட்கக் கொடுத்த அதே அமுதம்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீட்சை ஏற்ற அம்பேத்கர், மறுநாள் உரையில், பௌத்தத்தைப் பரப்பியவர்கள் நாகர்கள் என்றார். அந்த ஊரைத் தேர்ந்ததற்கு அதைக் காரணமாகச் சொன்னார். நாடகத்து நாகனுக்கும் சங்கசூடன் என்று பெயர் உண்டு, அழ ஒரு தாய் உண்டு. கருடன் விழுங்கிய கடலோர நிஷாதர்களில் ஒருவருடைய பெயரையும் ஆதிபருவம் சொல்லவில்லை.