சப்பாத்துக்குள் ஒளித்து வந்த கடிதம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

உஸ்மானியர் என்றாலே கிறிஸ்தவ ஐரோப்பாவோடு ஓயாமல் போரிட்டவர்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். துருக்கித் தொடர்கள் வந்த பிறகு இந்த எண்ணம் இன்னும் இறுகிவிட்டது. எங்கள் பிள்ளைகளும் வரலாற்றை இரண்டு மார்க்கங்களுக்கு இடையிலான கிரிக்கெட் மேட்ச் மாதிரிப் பார்க்கிறார்கள். சுல்தான் சுலைமானும் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவாவும் கூட்டாளிகள் என்று வகுப்பில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த மன்னரின் பட்டப்பெயரே "மிகவும் கிறிஸ்தவ மன்னர்" என்பதுதான்!

கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1525 பெப்ரவரி 24, இத்தாலியின் பாவியா. பிரான்சுவாவைப் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸின் படை உயிரோடு பிடித்தது. சார்ள்ஸ் ஸ்பெயின், நெதர்லாந்து, நேப்பிள்ஸ், ஜெர்மனி என்று பிரான்ஸைச் சுற்றிலும் ஆண்டவர். மன்னர் சிறையில் இருக்க, ஆட்சியைக் கையில் எடுத்தவர் அவருடைய உம்மா, சவோயின் லூயிஸ்.

அவர் உதவி கேட்டு இஸ்தான்பூலுக்கு ஆள் அனுப்பினார். முதல் தூதர் பொஸ்னியாவில் கூட்டத்தோடு கொல்லப்பட்டார். வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். உம்மா விடவில்லை. இரண்டாவதாக பிராங்கிபானி என்பவர் கடிதங்களைச் சப்பாத்துக்குள் ஒளித்துக்கொண்டு 1525 முடிவில் போய்ச் சேர்ந்தார்.

சுலைமானின் பதில் இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. தொடக்கம் முழுக்க தன் பட்டங்களும் நாடுகளும்தான். ஆனால் செய்தி அன்பானது: மன்னர்கள் தோற்பதும் சிறைப்படுவதும் புதுமையல்ல, மனம் தளராதே, எங்கள் குதிரை எப்போதும் சேணத்தோடுதான் நிற்கிறது. இருவரும் 1494இல் பிறந்தவர்கள். கடைசி வரை நேரில் சந்தித்ததே இல்லை.

1526 ஆகஸ்டில் சுலைமான் மொஹாக்ஸ் களத்தில் ஹங்கேரியை வீழ்த்தினார். ஹங்கேரி மன்னர் சார்ள்ஸின் சகோதரியை மணந்தவர். கடிதத்துக்காகவே போர் நடந்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது மிகைப்படுத்தலாகத் தெரிகிறது. 1521இலேயே பெல்கிரேட் விழுந்துவிட்டது, அடுத்தது ஹங்கேரிதான். ஒரே எதிரி இருந்ததால் இருவரும் சேர்ந்தார்கள்.

இஸ்தான்பூலில் இந்த உறவை வளர்த்தவர் பிரதம வஸீர் இப்ராஹீம் பாஷா. தொடர் பார்ப்பவர்களுக்குப் பெயர் தெரியும். பார்காவில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, அடிமையாகி, சுல்தானின் உற்ற நண்பரானவர். பிரான்சுவா பக்கம் ஓடித் திரிந்தவர் அந்தோனியோ ரின்கோன். இவர் பிறப்பால் ஸ்பானியர், அதாவது சார்ள்ஸின் பிரஜை! 1535இல் லா ஃபோரே பிரான்ஸின் நிரந்தரத் தூதராக வந்தார். அடுத்த ஆண்டே சுல்தானின் கட்டளையால் இப்ராஹீம் கொல்லப்பட்டார். 1541இல் ரின்கோன் தூது போகும் வழியில் சார்ள்ஸின் ஆட்களால் கொல்லப்பட்டார். நண்பர்கள் போனாலும் உறவு நின்றது.

1543இல் பார்பரோஸா ஹைருத்தீனின் கப்பற்படை பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து நீஸ் நகரை முற்றுகையிட்டது. நகரம் விழுந்தது, கோட்டை விழவில்லை. குளிர்காலத்தைக் கழிக்க அந்தப் படைக்கு மன்னர் தூலோன் துறைமுகத்தையே கொடுத்தார். ஊர்மக்களில் பெரும்பாலானோரை வெளியேறச் சொன்னார். தேவாலயம் தொழுமிடமானது. வீட்டை விட்டுப் போன அந்த மக்கள் இந்த நட்பைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

மறு ஆண்டே, 1544இல், பிரான்சுவா சார்ள்ஸோடு சமாதானம் செய்து, துருக்கியருக்கு எதிராகப் படை தருவதாகவும் வாக்களித்தார்! அந்த வாக்கு நிறைவேறவில்லை.

ஒரு விஷயம் விட்டுப்போனது. 1526இல் பிரான்சுவா விடுதலையானது சும்மா அல்ல. தன் இரண்டு ஆண் பிள்ளைகளைப் பணயமாக வைத்துவிட்டுத்தான் நாடு திரும்பினார். அவர்களை மீட்கும் ஒப்பந்தத்தை 1529இல் பேசி முடித்தவர்கள் இரண்டு பெண்கள்: ஒருவர் லூயிஸ், மற்றவர் சார்ள்ஸின் மாமி மார்கரெட். மார்கரெட் லூயிஸின் காலஞ்சென்ற சகோதரரின் மனைவி. பிள்ளைகள் 1530இல்தான் வீடு வந்தார்கள். போகும்போது இளையவனுக்கு ஏழு வயதும் நிரம்பவில்லை. அந்தப் பிள்ளைதான் பிறகு இரண்டாம் ஹென்றி மன்னர். 1553இல் அவரும் சுலைமானோடு ஒப்பந்தம் செய்தார். அந்த ஆண்டே இரு கப்பற்படைகளும் சேர்ந்து கோர்சிகாத் தீவுக்குப் புறப்பட்டன.