ஒளிபுகு மின்வாய்களைப் பிளாஸ்மாவால் பதப்படுத்துதல்: வரலாறு

கரிம ஒளியுமிழ் சாதனங்களில் (ஓ.எல்.இ.டி.) நேர்மின்வாயாக அமையும் ஒளிபுகு மென்படலத்தின் மேற்பரப்பை, மின்னூட்டம் பெற்ற வாயுவைக் கொண்டு தூய்மையாக்கி மாற்றியமைக்கும் முறையே பிளாஸ்மா பரப்புப் பதப்படுத்தல் ஆகும். இது சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. எனினும் சாதனம் எத்தனை வோல்ட்டில் ஒளிரும், எவ்வளவு காலம் உழைக்கும் என்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

ஒளிபுகு மின்கடத்தி

பொதுவாக, மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகங்கள் ஒளியை மறைக்கும். ஒளியை விடும் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு பண்புகளும் ஒருங்கே அமைந்த மென்படலத்தை 1907ஆம் ஆண்டு ஜெர்மானிய இயற்பியலர் கார்ல் பேடெக்கர் காட்மியம் ஆக்சைடில் உருவாக்கிக் காட்டினார். பின்னர் வெள்ளீய ஆக்சைடும், வெள்ளீயம் கலந்த இண்டியம் ஆக்சைடும் (ஐ.டி.ஓ.) பயன்பாட்டுக்கு வந்தன. இவற்றுள் ஐ.டி.ஓ. பூசிய கண்ணாடியே இன்று பரவலாக உள்ளது. இதில் எடை அளவில் ஏறத்தாழ 90 விழுக்காடு இண்டியம் ஆக்சைடு, 10 விழுக்காடு வெள்ளீய ஆக்சைடு இருக்கும். இண்டியம் தனிமம் 1863இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் கண்டறியப்பட்டது. நிறமாலையில் அது காட்டிய அவுரி நீலக் கோட்டினால் அதற்கு அப்பெயர் வந்தது.

கரிமப் பொருளில் ஒளி

1963இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப் குழுவினர் ஆந்த்ரசீன் படிகத்தில் மின்சாரத்தால் ஒளி பிறப்பதைக் கண்டனர். அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. 1987இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் ஐ.டி.ஓ. கண்ணாடியின் மீது இரண்டு மெல்லிய கரிமப் படலங்களை அடுக்கி, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் ஒளிரும் சாதனத்தை வெளியிட்டனர். 1990இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் பலபடிச் சேர்மத்தைக் கொண்டும் அவ்வாறு ஒளி உண்டாக்கினர்.

எழுந்த சிக்கல்

ஐ.டி.ஓ. பரப்பின் நிலைக்கு ஏற்பச் சாதனத்தின் செயல்திறன் பெரிதும் மாறுபட்டது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது அழுக்கு. சோப்புக் கரைசல், அசிட்டோன், ஆல்கஹால் ஆகியவற்றால் கழுவிய பின்னும் கண்ணுக்குத் தெரியாத கரிமச் சேர்மங்கள் பரப்பில் ஒட்டியிருக்கும். பருத்தி நூலில் இயற்கையாக உள்ள மெழுகை நீக்காவிட்டால் சாயம் சீராக ஏறாது. அதனால்தான் காரம் சேர்த்த நீரில் நூலை முதலில் வேகவைக்கிறார்கள். நெசவுக்குப் பெயர்பெற்ற அருப்புக்கோட்டை, மல்லாங்கிணறு வட்டாரத்தினருக்கு இது புதிய செய்தி அன்று. ஐ.டி.ஓ. பரப்பின் நிலையும் அத்தகையதே.

இரண்டாவது காரணம் ஆற்றல் வேறுபாடு. நேர்மின்வாயிலிருந்து 'துளைகள்' எனப்படும் நேர் மின்னூட்டங்கள் கரிமப் படலத்துக்குள் செல்ல வேண்டும். கழுவிய ஐ.டி.ஓ.வின் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான் வோல்ட். பல கரிமப் படலங்களில் துளைகள் நுழைவதற்கான ஆற்றல் மட்டமோ 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் உள்ளது. இந்த இடைவெளி உயரமான வாசற்படியைப் போலத் தடுக்கிறது. அதைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்தால் வெப்பம் மிகுந்து சாதனம் விரைவில் பழுதாகும்.

1997ஆம் ஆண்டு ஆய்வு

1997இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்டர்ம், அந்துவான் கான் ஆகியோர் அடங்கிய குழு இந்தச் சிக்கலுக்குப் பிளாஸ்மாவைக் கொண்டு தீர்வு கண்டது. ஆக்சிஜன் பிளாஸ்மாவில் பதப்படுத்திய ஐ.டி.ஓ.வின் வெளியேற்று ஆற்றல் 0.1 முதல் 0.3 எலக்ட்ரான் வோல்ட் வரை உயர்ந்தது. சாதனம் ஒளிரத் தொடங்கும் மின்னழுத்தம் குறைந்தது. திறனும் ஆயுளும் கூடின. அடுத்த ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பல்வேறு பதப்படுத்தும் முறைகளை ஒப்பிட்டபோதும் ஆக்சிஜன் பிளாஸ்மாவே சிறந்து விளங்கியது.

செயல்படும் முறை

காற்று நீக்கிய அறையில் சிறிதளவு ஆக்சிஜனைச் செலுத்தி, உயர் அதிர்வெண் மின்புலம் கொடுத்தால் வாயு ஒளிர்ந்து பிளாஸ்மாவாகும். அதிலுள்ள வினைமிகு ஆக்சிஜன் அணுக்கள் கரிம அழுக்கைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாற்றி வெளியேற்றும். பரப்பில் ஆக்சிஜனும் கூடுகிறது. அது எதிர் மின்னூட்டத்துடன் மேலே அமைவதால் மின் இருமுனை அடுக்கு ஒன்று உருவாகி வெளியேற்று ஆற்றலை உயர்த்துகிறது. பதப்படுத்தும் முன் முத்தாகத் திரண்டு நிற்கும் நீர்த்துளி, பின்னர் பரவிப் படர்வதைக் காணலாம்.

இதன் பயன் நிலையானதன்று. பதப்படுத்திய பரப்பைக் காற்றில் வைத்தால் மீண்டும் அழுக்குப் படிந்து வெளியேற்று ஆற்றல் சரியும். ஆகவே தாமதமின்றிக் கரிமப் படலம் பூசப்படுகிறது. பரப்பை நிலைப்படுத்த, கோடாக் ஆய்வாளர்கள் ஃபுளூரோகார்பன் மென்படலத்தைப் பிளாஸ்மா வழியாகவே பூசும் முறையை 2001இல் வெளியிட்டனர்.

இந்தியாவில்

காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனம், தொழில்துறைப் பயன்பாடுகளுக்கெனத் தனி மையம் ஒன்றை நடத்துகிறது. அங்கோரா முயலின் வழுவழுப்பான உரோமத்தைப் பிளாஸ்மாவால் பதப்படுத்தி, இழைகள் ஒன்றையொன்று பற்றி நூற்க வருமாறு செய்தது அதன் பணிகளுள் ஒன்று. இழையின் உட்பகுதி மாறாமல் மேற்பரப்பு மட்டும் மாறுவது இங்கும் அடிப்படையாகும். கரிம ஒளியுமிழ் சாதன ஆய்வுகள் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் முதலிய இடங்களில் நடைபெற்றுள்ளன.