ஒரு வளைவு தனித்து நிற்பதில்லை

மேலப்பாளையத்திலிருந்து நெல்லைச் சந்திப்புக்குச் செல்லும் நாம், கொக்கிரகுளம் கடந்ததும் தாமிரபரணியின்மீது ஏறுகிறோம். நம் காலடியில் இருப்பது 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம். சிரஸ்தேதாராயிருந்த அப்பெரியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு எழுப்பியது. நீளம் ஏறத்தாழ 760 அடி. ஒவ்வொன்றும் 60 அடி விரிந்த 11 வளைவுகள்.

வளைவின் இயல்பைச் சற்றே சிந்திப்போம். அது தன் பாரத்தைக் கீழ்நோக்கி மட்டும் செலுத்துவதில்லை; பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அத்தள்ளலை அண்டை வளைவு எதிர்நின்று தாங்குகிறது. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றின் ஆதரவும் குறைந்துபோகும். 1869ஆம் ஆண்டு வெள்ளத்தில் சில வளைவுகள் சிதைந்தன; 1871இல் செப்பனிடப்பட்டன.

இப்பாலத்துக்கு முன்மாதிரி எனக் கூறப்படுவது, லண்டனில் 1817இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலம். அதன் முடிவோ வேறு. அதற்குக் கீழ்ப்புறம் நின்ற பழைய லண்டன் பாலம், நெருங்கிய தூண்களால் தேம்ஸ் நதியை அணைபோல் தடுத்துக் கொண்டிருந்தது. 1831இல் புதிய பாலம் திறக்கப்பட்டபின் பழையதை இடித்தனர். தடை நீங்கவே நீரோட்டம் விரைந்தது; வாட்டர்லூ பாலத் தூண்களின் அடிமண் அரிக்கப்பட்டது. 1924இல் அது மூடப்பட்டு, 1930களில் இடிக்கப்பட்டது. ஓரிடத்தில் செய்த வேலை வேறோரிடத்தின் அஸ்திவாரத்தைத் தொட்டுவிட்டது! கட்டடத்தை மட்டும் கண்டு, ஆற்றைக் காணாததன் விளைவன்றோ இது?

2014 ஜூன் 28ஆம் நாள் சென்னை மவுலிவாக்கத்தில், கட்டி முடிக்கப்படாத 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மாண்டன. பெரும்பாலோர் பிழைப்பு தேடி வந்த கூலித் தொழிலாளர்கள். இடி விழுந்ததே காரணமென்று முதலில் பேசப்பட்டது. மழையும் இடியும் என்றும் உண்டு; அவற்றையும் கணக்கில் கொண்டு எழுப்புவதே கட்டடம். மண், தூண், பாரம், பருவம், மேற்பார்வை, வேலையாளின் உயிர் ஆகிய யாவும் ஒன்றையொன்று தாங்கும் வளைவுகளே.

நம் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் சாரத்தின்மீது நின்று உழைக்கின்றனர். நாமோ இங்கே, பழைய சுவரின்மேல் இன்னொரு மாடி எழுப்ப, கொத்தனாரின் ஒரு சொல்லே போதுமென்று துணிகிறோம். வீடாயினும் மதரஸாவாயினும், அதனுள் துயில்வோரின் உயிர் நம்மிடம் அமானிதம். கல் அடுக்குமுன் அடிமண்ணைக் கேட்போம். அருகிலோடும் நீரைக் கேட்போம். சாரத்தில் ஏறுபவனையும் கேட்போம்.